எழுநூற்று இருபத்தேழில் ஒரு குழந்தை

சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அகீகா விருந்துக்குப் போயிருந்தேன். பேத்தியை மடியில் வைத்திருந்த நன்னிமா, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கமான பிள்ளை ஹஜ்ரத். அழுகைங்கிறதே கிடையாது. பால் குடிக்கக்கூட நாமதான் எழுப்பி விடணும்." நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லி துஆச் செய்துவிட்டு அமர்ந்தேன். ஏழு நாள் ஆன பிள்ளை தூங்குவதில் வியப்பு என்ன இருக்கிறது?

அந்த வீட்டுக்கு உறவான பெண் ஒருவர் செவிலியராகப் பணிபுரிபவர். அவர் மட்டும் நன்னிமாவின் அருகில் அமர்ந்து மெல்லக் கேட்டார்: "குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களா நன்னிமா? தைராய்டு பார்த்தாங்களா?" நன்னிமாவுக்குத் தெரியவில்லை. குழந்தையின் தாய்க்கும் தெரியவில்லை. அத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "மஞ்சளாத் தெரியுதுன்னு ஒரு தடவை எடுத்தாங்க. வேற எதுக்கும் எடுத்ததாத் தெரியலையே" என்றார். மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி அந்தப் பெண் கட்டாயப்படுத்தினார். நன்னிமாவுக்கு மனத்தாங்கல். பச்சை மண்ணைப் போய்க் குத்துவதா என்று.

அன்று அப்பெண் எனக்குச் சொன்ன சில செய்திகள்தாம் என்னைப் படிக்கத் தூண்டின. படித்தவற்றை நம் குடும்பங்களுக்கு எழுதி வைக்க விரும்புகிறேன். அறிவியல் கண்டுபிடித்ததையெல்லாம் இழுத்து வந்து ஓர் ஆயத்தின் மேல் ஒட்டும் வகைக் கட்டுரை அன்று இது. எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் விட்டதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த மருந்தை மனிதர்கள் எத்தனை காலம் தேடினார்கள், நோயாளி யார் என்பதையே எவ்வளவு பிந்திக் கண்டுகொண்டார்கள் என்பதைப் பற்றியது இது.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் தைராக்ஸின் உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் நடத்துகிறது. பிறந்த குழந்தைக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளர்வது அந்த ஹார்மோனை நம்பித்தான். சில குழந்தைகளுக்குச் சுரப்பி கருவிலேயே உருவாவதில்லை, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் நாவின் அடியில் சிறு துணுக்காக நின்றுவிடுகிறது. வேறு சிலருக்குச் சுரப்பி இருந்தும் ஹார்மோனைச் செய்யத் தெரிவதில்லை. இதைத்தான் பிறவித் தைராய்டு குறைபாடு என்கிறோம். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாக வருகிறது.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. கருவில் இருக்கும்வரை தாயின் தைராக்ஸின் ஓரளவு நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே பிறக்கும்போது பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பிறந்தவுடன் அடையாளம் எதுவும் தெரியாது, தெரிந்தாலும் மிகச் சொற்பம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தாயிடமிருந்து வந்தது தீர்ந்த பின்பே ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மஞ்சள் காமாலை நீங்க நாளாகும், மலச்சிக்கல் வரும், அழுகுரல் கரகரக்கும், நாக்கு தடித்துத் தெரியும், தொப்புள் புடைக்கும், உடல் சில்லென்றிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும். அழாது. வீட்டார் அதைப் பாராட்டுவார்கள்.

கழுத்துக் கழலையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் கழுத்துக் கழலைக்கான அறுவை மருத்துவத்தை எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் குவாரஸ்ம் நாட்டில் ஸையித் இஸ்மாயீல் ஜுர்ஜானீ, கழலையையும் கண் பிதுங்குவதையும் ஒரே நோயின் இரு முகங்களாகத் தம் பாரசீக மருத்துவக் களஞ்சியத்தில் இணைத்துக் காட்டினார். ஆனால் இவர்கள் கண்டது கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தை. சுரப்பியே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு வீங்குவதற்கு ஒன்றுமில்லை. அப்பிள்ளை எந்த நூலிலும் ஏறவில்லை.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பள்ளத்தாக்குகளில் குட்டையாக, பேச்சில்லாமல், புத்தி வளராமல் ஊருக்கு ஊர் மனிதர்கள் இருந்தனர். அவர்களை அங்கே 'கிரெட்டின்' என்றழைத்தனர். அச்சொல் அவ்வட்டாரப் பேச்சில் 'கிறிஸ்தவன்' என்பதிலிருந்து வந்தது என்று அகராதியாளர் பலர் சொல்கின்றனர். இவனும் இறைவன் படைத்த மனிதனே, விலங்கு அல்லன் என்று நினைவூட்ட வைத்த பெயராம். பரிவில் பிறந்த அச்சொல் காலப்போக்கில் வசைச்சொல் ஆயிற்று. நம்மிடம் மட்டும் என்ன? 'மந்தம்' என்று ஒரு பிள்ளையைச் சொல்லும்போது நாம் பரிவோடா சொல்கிறோம்?

1850இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங், இறந்துபோன இரண்டு பெண் குழந்தைகளின் உடலை ஆராய்ந்தார். ஒருத்திக்குப் பத்து வயது, மற்றவளுக்கு ஆறு மாதம். இருவருக்குமே தைராய்டு சுரப்பி இல்லை. மலைநாட்டுக் கழலைக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில், கழலையே இல்லாத குழந்தைகளிடம் இந்நிலை இருக்கிறது என்று அவர் காட்டியதுதான் நம் கதையின் தொடக்கம். 1871இல் ஹில்டன் ஃபேக் என்பவர், கழலை நாடுகளுக்கு வெளியே ஆங்காங்கே தனித்தனியாகப் பிறக்கும் இத்தகைய பிள்ளைகளைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார்.

இந்தியாவில் இந்த ஆய்வு முஸ்லிம்கள் வாழும் ஒரு மலைப்பகுதியிலும் நடந்தது. பிரிட்டிஷ் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராபர்ட் மெக்கரிசன், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சித்ரால், கில்கித் பள்ளத்தாக்குகளில் பணியாற்றினார். அவ்வூர்களில் கழலை பெருகியிருந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளை நேரில் கண்டு 1908இல் அவர்களைப் பற்றி எழுதினார். காரணம் குடிநீரின் அழுக்கில் இருக்கிறது என்று நம்பி, அந்நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தவர் அவர். தம் உடம்பையே ஆய்வுக்களமாக்கிய அத்துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாமையே முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. மெக்கரிசன் பிற்காலத்தில் நம் நீலகிரிக்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் அவர் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வகம் 1958இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அயோடினின் கதையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1956 முதல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அயோடின் கலந்த உப்பை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கழலை குறைந்தது. அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கான தடை ஒருமுறை வந்து, 2000இல் நீங்கி, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இதில் நமக்கு வெட்கம் தரும் செய்தி ஒன்றுண்டு. 2018-19இல் நாடு முழுதும் எடுக்கப்பட்ட அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு, நூற்றுக்கு 61.9. தூத்துக்குடி உப்பளத்தை ஒரு பகற்பொழுதில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறோம் நாம். கல்லுப்புதான் ருசி என்ற எண்ணம் இன்னும் நம் அடுப்பங்கரைகளை விட்டுப் போகவில்லை. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் உப்புப் பையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அயோடின் உப்பு கழலையையும் பற்றாக்குறையால் வரும் மந்தத்தையும் தடுக்கும். சுரப்பியே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு அயோடின் கொடுத்தும் பயனில்லை. அதற்கு வேண்டியது ஹார்மோனேதான்.

அந்த ஹார்மோனை மனிதன் அடைந்த விதம் சுவையானது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். முகம் உப்பி, பேச்சுத் தளர்ந்து இருந்தவர் சில மாதங்களில் தேறினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலம் முழுவதும் அவருக்கு மருந்து தர 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். 1914 டிசம்பரில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அவர் பயன்படுத்தியவை பன்றியின் சுரப்பிகள். 1927இல் சார்லஸ் ஹாரிங்டன் அதனை ஆய்வகத்தில் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினார்.

பன்றியைப் பற்றி இங்கே எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த மாத்திரை ஹலாலா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உலகின் சில பகுதிகளில் பன்றிச் சுரப்பியை உலர்த்திச் செய்த மருந்து இன்னும் விற்பனையில் இருப்பதால் இந்த ஐயம் பரவியிருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடையில் குழந்தைக்கு எழுதித் தரப்படும் லெவோதைராக்ஸின் ஹாரிங்டன் வழியில் வந்தது. அந்த மருந்துப்பொருள் விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று, வேதியியல் முறையில் செய்யப்படுவது. இந்த ஐயத்தால் எவரும் ஒரு வேளை மாத்திரையையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆக, மருந்து கையில் வந்தாயிற்று. அப்படியானால் பிள்ளைகள் பிழைத்துவிட்டார்களா? இல்லை. 1972இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பிறந்து மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு அளவெண் 89. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70. ஆறு மாதம் கடந்தவர்களுக்கு 54. சராசரி மனிதனுக்கு அது 100 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மூன்று மாதத் தாமதமும் என்ன விலை கேட்டிருக்கிறது என்று தெரியும். அதே நோய், அதே மருந்து, நாள்தான் வேறு. கண்ணால் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தால் மருத்துவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். பார்வைக்கு ஒன்றும் தெரியாத அந்த முதல் வாரத்திலேயே, எல்லாக் குழந்தைகளிடமும் தேடவேண்டும்.

வழியைக் காட்டியவர் ராபர்ட் குத்ரி. அமெரிக்கரான அவருடைய மகன்களில் ஒருவருக்கு அறிவு வளர்ச்சிக் குறை இருந்தது. உறவுக் குழந்தை ஒன்றுக்கு, முன்பே அறிந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய வேறொரு பிறவி நோய் பிந்தியே கண்டறியப்பட்டது. அந்த வேதனையில், 1960களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உறிஞ்சவைத்து, உலர்த்தி, அஞ்சலில் அனுப்பியே சோதிக்கலாம் என்று காட்டினார். பத்தாண்டுக்குப் பின் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ழான் துசோ அதே வடிதாள் பொட்டில் தைராக்ஸினை அளக்கும் முறையைக் கண்டார். 1970களின் இறுதிக்குள் வளர்ந்த நாடுகள் பலவற்றில் அது வழக்கமாயிற்று. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்தக் குதிகாலைத் துடைத்ததும் நம்மூர்த் துணியாக இருந்திருக்கலாம் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எத்தனை குழந்தைகளுக்கு ஒருவருக்கு இந்நோய்? விடை, எவ்வளவு அக்கறையோடு தேடினார்கள் என்பதைப் பொறுத்தே மாறி வந்திருக்கிறது. குதிகால் சோதனை வருமுன், அடையாளங்களைப் பார்த்து மட்டும் கண்டுபிடித்த காலத்தில், 7,000 முதல் 10,000 பேருக்கு ஒருவர் என்று எழுதினார்கள். சோதனை வந்தவுடன் அது 3,000 முதல் 4,000 பேருக்கு ஒருவர் ஆயிற்று. நியூயார்க் மாநிலத்தில் 1978இல் 3,378 பேருக்கு ஒருவராக இருந்தது, 2005இல் 1,414 பேருக்கு ஒருவர் என்று ஆனது. நோய் மட்டும் பெருகியதன்று. சோதனையின் அளவுகோல் நுட்பமானதும், சிறிதளவு குறையுள்ள பிள்ளைகளும் கணக்கில் வந்ததும், மக்கள்தொகையின் கலப்பு மாறியதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. முதற் கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் விடுபட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. ஏதோ ஒரு வீட்டில் 'மந்தம்' என்ற பெயரோடு இருந்தார்கள்.

இந்தியாவில் 1980களில் டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தின் டாக்டர் என். கொச்சுப்பிள்ளை தலைமையில், உத்தரப்பிரதேசத்தின் கழலைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பட்டது. அங்கு அயோடின் பற்றாக்குறையால் குறைபாடு மிகப் பெருகியிருந்தது. மும்பையில் டாக்டர் மீனா தேசாய் வடிதாள் முறையைக் கையாண்டு பார்த்தார். எனினும் நாடு தழுவிய எண் ஒன்று கிடைக்க, 2007 முதல் 2012 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து மையங்களில் 1,04,066 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். முடிவுகள் 2018இல் அச்சில் வந்தன. 1,130 குழந்தைகளுக்கு ஒருவர். ஐந்து மையங்களில் மிகுதியாக இருந்தது நம் சென்னை. அங்கே 727 குழந்தைகளுக்கு ஒருவர்.

இது சென்னை மையத்தில் பிறந்த பிள்ளைகளின் கணக்கே தவிர, தமிழ்நாடு முழுமைக்குமான கணக்கு அன்று. அதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகர்களிலும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். ஆயிரம் பேருக்கு ஆண்டில் 15 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 3,000 குழந்தைகள். நாட்டு விகிதப்படி அவர்களில் இருவர் அல்லது மூவர். சென்னை விகிதப்படி நால்வர். ஒரு வருடத்துக்கு இவ்வளவுதானே என்று தோன்றும். நான் மதரஸாவில் பாடம் சொல்லித் தரத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் இரு ஊர்களிலும் ஐம்பது பேருக்குக் குறையாமல் பிறந்திருக்க வேண்டும். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்த கணக்கு இது. அவர்களில் எத்தனை பேர் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை பெற்றிருப்பார்கள்?

சென்னையில் ஏன் மிகுதி? காரணம் இதுவே என்று ஒன்றைச் சுட்டிவிட முடியாது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கத்தைச் சிலர் எண்ணுகின்றனர். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் அவ்வழக்கம் மாநிலங்களிலேயே மிகுந்திருந்தது தமிழ்நாட்டில்தான், நூற்றுக்கு 28. இது எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று. அக்காள் மகளை மணப்பதை நம் மார்க்கம் ஹராமாக்கியிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகள், சித்தப்பா மகள் ஆகுமாக்கப்பட்டவர்கள். ஆகுமானது என்றால் கட்டாயம் என்று பொருளில்லை. சொத்து வெளியே போகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக ஒரே இரு குடும்பங்களுக்குள் கொடுத்து வாங்குவதை மறுபரிசீலனை செய்தால் குற்றமில்லை என்பது என் கருத்து.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேலைநாட்டுக் கணக்குகளில் இந்நோயின் பெரும்பகுதி, நூற்றுக்கு எண்பதுக்கு மேல், சுரப்பி சரியாக உருவாகாமையால் வருவது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் இறங்குவது, சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்ய இயலாத வகை. அவ்வகை நம் நாட்டில் கூடுதலாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு வீட்டில் இந்நோயோடு பிள்ளை பிறந்தால், 'உன் வழியில்தான் வந்தது' என்று மருமகளை நோக்கி விரல் நீட்ட எந்த ஆதாரமும் இல்லை. அப்படி விரல் நீட்டிய வீடுகளில் நான் சமாதானம் பேசியிருக்கிறேன். பேசிப் பெரிதாகப் பயன் விளைந்ததில்லை.

சோதனை எப்போது? பிறந்து இரண்டு நாள் கழிந்து, ஐந்து நாளுக்குள் என்பது நல்ல காலம். பிறந்த உடனே குழந்தையின் டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே உயரும், அதனால் முதல் நாளில் எடுத்தால் தேவையற்ற அச்சம் நேரலாம். மருந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். முதல் வாரத்தை நாம் வெறுமனே விடுவதில்லை. காதில் பாங்கு சொல்கிறோம், பேரீச்சம்பழத்தை மென்று தஹ்னீக் செய்கிறோம், ஏழாம் நாள் முடி இறக்கி அதன் எடைக்கு வெள்ளி ஸதகா செய்கிறோம், பெயர் சூட்டுகிறோம். அந்த ஏழு நாளுக்குள் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதை மட்டும் 'நாற்பது நாள் ஆகட்டும்' என்று தள்ளுவதற்கு மார்க்கத்தில் எந்த அடிப்படையும் இல்லை. யா ரசூலல்லாஹ், நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். முதுமை ஒன்றைத்தான் விலக்காகச் சொன்னார்கள்.

கோவா 2008இலேயே மாநிலம் முழுவதும் இச்சோதனையைத் தொடங்கியது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், அங்கும் அரசு மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இந்நோய், மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் இடம்பெற்றது. நம் பகுதியில் எந்த மருத்துவமனையில் பிரசவம் ஆனாலும், சோதனை தானாகவே நடந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வீடு திரும்புமுன் கேளுங்கள். எடுத்திருந்தால் முடிவுத் தாளைக் கையில் வாங்குங்கள், தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கவில்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் 'எல்லாம் நார்மல்தான்' போதாது.

நோய் உறுதியானால் மருத்துவம் எளியது. மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரையைப் பொடித்து, ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுப்பது. பால்புட்டியில் கலக்கக்கூடாது, பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. குறித்த நாள்களில் இரத்தம் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே வரவேண்டும். சில குழந்தைகளுக்கு இது தற்காலிகமானது. மூன்று வயதுக்குப் பின் மருத்துவரே நிறுத்திச் சோதித்துப் பார்ப்பார். அதற்கு முன், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டாரே நிறுத்திவிடக் கூடாது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தைக்கு முடிவு பதினோராம் நாள் வந்தது. அளவு சரியாகவே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். நன்னிமாவுக்கு நான் சொன்னேனே என்ற பெருமிதம். இருக்கட்டும்.

நான் இவ்வளவும் தேடிப் படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ராஜபாளையத்தில் என் மக்தபில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள். வயதுக்கு மீறிய குட்டை. பேச்சு மெல்ல வரும். 'பா'வுக்கும் 'தா'வுக்கும் புள்ளி எங்கே என்பது ஒரு மாதமாகியும் மனத்தில் நிற்கவில்லை. கவனக்குறைவு என்றெண்ணி அவளைப் பலநாள் நிற்க வைத்திருக்கிறேன். கடுஞ்சொல்லும் சொன்னதுண்டு. ஒருநாள் அவள் அத்தா ஒரு பழைய மருத்துவச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான்காம் வயதில்தான் கண்டுபிடித்தார்களாம். அதுவரை, 'சாதுவான பிள்ளை, தொந்தரவே இல்லை' என்று எல்லாரும் சொன்னதாக அவர் சொன்னார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தஹஜ்ஜுதில் கை உயர்த்தக் கூச்சமாக இருந்தது.

அவளுக்கு இப்போது பதினாறு வயது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பிள்ளைகள் கலைந்த பின் அரைமணி நேரம் அவளுக்கென்று தனியாக உட்காருகிறேன், நிற்க வைப்பதில்லை. சூரத்துன் நாஸில் தொடங்கினோம். இந்த ஷஃபானில் சூரத்துல் ஃபீல் வரை வந்திருக்கிறோம்.